வரப்போடு வெட்டிய புற்று

எனக்கு இடுப்பே கிடையாது என்று என் சம்சாரம் சொல்லுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்கூட்டிலிருந்து நேராகத் தொடைக்கு இறங்கிவிடுகிற உடம்பு எனக்கு. நடுவில் வேஷ்டி தங்கி நிற்க ஒரு மேடு வேண்டாமா? மற்ற ஆம்பிளைகள் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மூச்சை உள்ளே இழுத்து, பல்லைக் கடித்து, மூட்டை கட்டுவது மாதிரிக் கட்டுவேன். அதற்கு மேல் அரைஞாண் கயிற்றையும் இழுத்து விட்டுக்கொள்வேன்.

காரணம் இருந்தது. கரையான்சாவடிக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் மல்லித் தோட்டம். கிணற்றில் ஏற்றம் மிதிக்கிற வேலை என்னுடையது. கிணற்றுக்கு மேலே நீண்டு கிடக்கிற மரத்தில் முன்னே நடந்தால் சால் உள்ளே இறங்கும், பின்னே நடந்தால் தண்ணீரோடு ஏறும். கைகள் பக்கத்து மூங்கிலைப் பிடித்திருக்கும். வேஷ்டியைப் பிடிக்க மூன்றாவது கை ஆண்டவன் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், நான் மரத்தின் உச்சியில் நிற்கிறபோது, வேஷ்டி கழன்று கிணற்றுக்குள் போய்விட்டது. கோவணம் மானத்தைக் காப்பாற்றியது. கீழே பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியாவது முகத்தைத் திருப்பிக்கொண்டாளா என்றால் இல்லை. என் சம்சாரமும் அந்தக் கும்பலில்தான் இருந்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அன்றைக்கு இறுக்க ஆரம்பித்தவன் வருஷக்கணக்காக இறுக்கிக்கொண்டே இருந்தேன். வேர்வையும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து எப்போதும் ஈரம். இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. அது ஊரில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டேன். வலது பக்கம் ஓர் இடம் மட்டும் தடித்து, செதில் செதிலாக வெளுத்து, பிறகு வெடித்துப் புண்ணாயிற்று. ஆறுகிற மாதிரிப் பக்கு கட்டும். குளிக்கிறபோது பக்கு உதிர்ந்து பழையபடி கசியும். வலி இல்லை. வலி இல்லாத புண்ணை யார் மதிக்கிறார்கள்?

கண்டுபிடித்தது அவள்தான். வேஷ்டி துவைக்கிறவள் அவள் ஆயிற்றே.

"இன்னாய்யா இது, எப்பப் பாத்தாலும் அதே எடத்துல கறை? கல்லுல அடிச்சி அடிச்சி என் கையி ஓஞ்சி பூட்டுது. எங்க, காட்டு."

"ஒண்ணும் இல்ல மே. கொசு கடிச்சிது."

"கொசுவா? யான கடிச்சாக்கூட இவ்ளோ பெரிசா வராதே!"

மஞ்சள் அரைத்துப் பூசினாள். வேப்பெண்ணெய் வைத்தாள். தெருவில் கூவிக்கொண்டு போன ஒரு மருந்துக்காரனிடம் களிம்பு வாங்கிப் பூசினாள். அது பூசிய இடத்தில் அடுப்புக் கங்கை வைத்த மாதிரி எரிந்தது. நான் ஓடிப்போய் வாய்க்காலில் உட்கார்ந்துகொண்டேன். புண் கொஞ்சமும் அசையவில்லை. ஓரம் மட்டும் தோசை ஓரம் மாதிரி எழும்பிக்கொண்டு வந்தது.

கடைசியில் பூந்தமல்லியில் இருந்த எல்.எம்.பி. படித்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். தொடை இடுக்கில் ஏதோ தேடுகிற மாதிரித் தடவினார். எனக்குக் கூச்சம் தாளாமல் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இது சாதாரணப் புண் இல்லப்பா. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ. பூ சீசன் முடியட்டும்னு உட்கார்ந்துடாதே."

நான் மனசுக்குள் அதைத்தான் நினைத்திருந்தேன்.

அது யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் கரி எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பஸ் நின்றுபோனால் கிளீனர் உருளையைக் கிண்டி விடுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் வரிசையாக ஓரத்தில் நிற்போம். மதுரவாயல் தாண்டுவதற்குள் என் வேஷ்டியும் அவள் புடவையும் ஒரே நிறம் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சேவகன் எங்களைப் பார்த்துவிட்டு, "தீப்பட்ட கேஸா?" என்று கேட்டான்.

ஆபரேஷன் டாக்டர் ஆள் தாட்டியாக இருந்தார். பேன்ட்டைத் தோளிலிருந்து இரண்டு வாரால் தொங்கவிட்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. புண்ணின் ஓரத்தில் ஊசி போட்டு மரக்க வைத்து, மிளகு அளவுக்கு ஒரு துண்டு கிள்ளி எடுத்துக் குப்பியில் போட்டார். அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும், அடுத்த வாரம் வா என்றார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி என்ன சொல்ல? பகலில் ஏற்றம் மிதித்தேன். சாப்பிட்டேன். ஆனால் கை அடிக்கடி அந்த இடத்துக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பாள்.

திரும்பப் போனபோது டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பெரிய மனுஷர்கள் நம்மை உட்காரச் சொன்னால் நல்லதுக்கா இருக்கும்?

"இது புற்று. தோல்ல வர்ற புற்று" என்றார்.

என் சம்சாரத்துக்குத் தெரிந்த புற்று கோயில் பக்கத்தில் இருப்பது, வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"உள்ள பாம்பு கீதா சாமி?"

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலி குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பாம்பு இல்லேம்மா. ஆனா விட்டா பாம்பு மாதிரி ஊர்ந்து போகும். அதுக்கு முன்னாடி வெட்டி எடுத்துடணும்" என்றார். வேஷ்டி, புடவை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு அந்த இடத்தில் இப்படி வருவதை அவர் வேறு ஆட்களிடமும் பார்த்திருக்கிறாராம். பரவினால் முதலில் தொடை இடுக்கில்தான் நெறி கட்டி வீங்குமாம்; எனக்குக் கட்டவில்லை, அதனால் பயப்பட வேண்டாம் என்றார்.

"புண்ண மட்டும் எடுத்தா போறாதுங்களா?" என்று கேட்டேன்.

"நீ விவசாயிதானே? கோரை முளைச்ச இடத்துல மேலாக அறுத்துட்டா போயிடுமா? சுத்தி இருக்கிற வரப்போட சேத்து, அடி மண்ணோட வெட்டணும். நல்ல தோல்லயும் ஒரு விரல் அகலம் போகும்."

"வரப்ப மட்டும் வுட்டுட முடியாதா சாமி? அது பங்காளி ஊட்டுது இல்ல, என்னுதுதான்."

"வரப்புலதான் வேர் இருக்கும். பேரம் பேசாதே" என்றார். வெட்டின பள்ளம் பெரிதாக இருக்கும், இழுத்துத் தைத்தால் பிய்ந்துவிடும், அதனால் தொடையிலிருந்து தோல் சீவி அங்கே ஒட்டுவேன் என்றும் சொன்னார். என் சம்சாரம் என் தொடையைப் பார்த்தாள். "அதுலயும் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலையில் எனக்குக் காப்பித் தண்ணிகூடக் கொடுக்கவில்லை. இடுப்பையும் தொடையையும் சிரைத்து, மஞ்சளாக ஏதோ பூசி, கோயில் உற்சவர் மாதிரித் தள்ளு வண்டியில் கொண்டுபோனார்கள். உட்கார வைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, முதுகுத்தண்டில் ஓர் ஊசி. அது வலித்தது, பொய் சொல்வானேன். பிறகு காலுக்குள் வெந்நீர் இறங்குவது மாதிரி ஒரு சூடு. அதற்குப் பிறகு கீழ்ப்பாதியே காணோம்.

மார்புக்கு முன்னால் துணி கட்டி மறைத்திருந்தார்கள். துணிக்கு மேலே ஒரு கால் தெரிந்தது. நர்ஸ் அதைத் தூக்கிப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ பாவம், பக்கத்து மேஜையில் இன்னொருவனையும் படுக்க வைத்திருக்கிறார்கள் போல, எவ்வளவு ஒல்லிக் கால் என்று பரிதாபப்பட்டேன். அப்புறம் அந்தக் காலின் கட்டை விரலில் நகம் கறுத்திருப்பதைப் பார்த்தேன். ஏற்றத்தில் நசுங்கிய என்னுடைய நகம்.

"ஐயோ, அது என்னுது!" என்று கத்திவிட்டேன்.

"உன்னுதுதான், யாரும் எடுத்துக்கப் போறதில்ல" என்றார் துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர். "பேசிக்கிட்டே இரு. மல்லி எப்போ எப்போ பூக்கும், சொல்லு."

நான் சொன்னேன். கிளை வெட்டிக் கவாத்து பண்ணுவது, தழை உரம், எந்த மாதத்தில் மொட்டு பெரிதாக வரும், எல்லாம் சொன்னேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. யாரோ இழுக்கிற மாதிரி, அழுத்துகிற மாதிரி இருந்தது, வலி மட்டும் இல்லை. என் உடம்பிலிருந்து ஒரு துண்டு வெளியே போகிறது, நான் தழை உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு மாதிரி விநோதமாக இருந்தது. பங்குனி வரைக்கும் வந்தவன் அந்தக் கத்தரிக்கோல் சத்தத்தையே கேட்க ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் கத்தரிக்கோலை நிறுத்தி, "ஏன் நின்னுட்டே? பங்குனிக்கு அப்புறம்?" என்று கேட்டார். மறுபடியும் பேச ஆரம்பித்தேன்.

வார்டுக்கு வந்த பிறகு தலையைத் தூக்கக் கூடாது என்று மல்லாக்கப் போட்டுவிட்டார்கள். தூக்கினால் மண்டை பிளந்துவிடும் என்றார்கள். நான் சும்மா இருக்காமல் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். மரப்பு தெளிந்ததும் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெட்டின இடுப்பு பரவாயில்லை. தோல் கொடுத்த தொடைதான் நெருப்பாக எரிந்தது. தப்பு பண்ணினவன் இடுப்பு, அடி வாங்கினது தொடை.

வார்டு சிஸ்டர் ஒரு சட்டைக்காரி அம்மா, ஆங்கிலோ இந்தியப் பொம்பளை. ரொம்பக் கறார். தமிழ் பேசினால் கட்டளை போடுகிற மாதிரியே இருக்கும். "நீ அசையாதே. நீ இருமாதே. நீ சிரிக்காதே. புதுத் தோல் ஓடிப் போகும்." முதல் இரண்டையும் சமாளித்துவிட்டேன். சாயங்காலம் பார்க்க வருகிற என் சம்சாரத்தை வைத்துக்கொண்டு மூன்றாவதை எப்படிச் சமாளிப்பது? வந்து உட்கார்ந்தவுடன், பஸ் நின்றுபோய்த் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவே கரி உருளையைக் கிண்டிய கதையை ஆரம்பிப்பாள். எனக்கு வயிறு குலுங்கும், கட்டு இழுக்கும், நான் 'ஆ' என்பேன். சிஸ்டர் ஓடி வந்து அவளைப் பார்த்து விரலை நீட்டுவாள்: "நீ பேசாதே!" பிறகு அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பேசாமல் உட்கார்ந்திருக்கிற அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பு வரும்.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. டாக்டர் உப்புத் தண்ணீர் ஊற்றி நனைத்து, பஞ்சை மெல்ல மெல்ல உரித்தார். ஒரு நாற்றம் வந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். என் சம்சாரம் சிஸ்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பதியம் புடிச்சிக்கிச்சா சாமி?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கு. வா, நீயே பாரு" என்றார்.

மல்லி பதியம் போடுகிறவள் ஆயிற்றே, அவள் கிட்டே போய்க் குனிந்து நன்றாகவே பார்த்தாள். "இளஞ்செவப்பா கீது. இந்த மூல மட்டும் கருகிடுச்சி" என்றாள். டாக்டர் ஆமாம் என்றார். அந்த மூலை பட்டுப்போய்விடும், பக்கத்துத் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும், கவலைப்படாதே என்றார். அப்படியேதான் ஆயிற்று. நாள்தான் பிடித்தது. வெட்டி எடுத்த துண்டையும் திரும்பப் பரீட்சை பண்ணிப் பார்த்தார்களாம். வரப்பு சுத்தமாக இருந்தது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாக, பளபளவென்று, வேறு யாருடைய உடம்போ மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்போதுதான் அடுத்த சிக்கல். புதுத் தோல் கெட்டிப்படுகிற வரைக்கும் இடுப்பில் ஒரு நூல்கூடக் கட்டக் கூடாது.

"அப்ப இன்னாத்தக் கட்டிகினு வருவாரு ஊட்டுக்கு?" என்று கேட்டாள்.

டாக்டர் தன்னுடைய வாரில் கட்டை விரலை விட்டுச் சுண்டிக் காட்டினார். "இது மாதிரி தோள்ல தொங்க விடு."

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். எங்கேயோ போய், பழைய துணி விற்கிறவனிடமிருந்து மிலிட்டரியில் கழித்துப் போட்ட காக்கிப் பேன்ட் ஒன்று வாங்கி வந்துவிட்டாள், வாரோடு. என்னைப் போல இரண்டு பேர் அதற்குள் குடித்தனம் பண்ணலாம். ஆனால் புண்ணில் படவே இல்லை. தோளிலிருந்து கூடை மாதிரித் தொங்கியது. மேலே என் ஜிப்பா. தலையில் துண்டு.

பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், "சார், முன்னால வாங்க சார்" என்று சீட்டைத் தட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதே ஆள்தான் என்னைக் கரி உருளைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தவர். வழியில் பஸ் நின்று எல்லோரும் இறங்கியபோது, "நீங்க குந்துங்க சார்" என்றார். நான் குந்திக்கொண்டேன். என் சம்சாரமும் 'மேம்சாப்' ஆகி என் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

கரையான்சாவடியில் இறங்கி நடந்தால், கடைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். நாய்கள் மட்டும் நம்பவில்லை, குரைத்தன. அங்கேதான் வம்பு வந்தது. ஆவடிப் பக்கம் போகிற மிலிட்டரி லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னுக்கு வந்தது. சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரச் சோல்ஜர் குதித்து இறங்கினான். என் பேன்ட்டைக் காட்டி இங்கிலீஷில் பொரிந்து தள்ளினான். லாரி ஓட்டி வந்த நம்மூர் ஆள் எட்டிப் பார்த்து, "இது சர்க்கார் பேன்ட்டு. எங்க திருடினேன்னு கேக்கறாரு. பட்டாளத்த வுட்டு ஓடி வந்தவனான்னும் கேக்கறாரு" என்றான்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பட்டாளத்தை விட்டு ஓடி வந்தால் சுட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் மட்டும் அசரவில்லை. நடு ரோட்டில் என் ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்து, கட்டுத் துணியை ஒரு பக்கம் விலக்கி, "பாரு, நல்லாப் பாரு! இத்தோட யாரு திருடப் போவா?" என்று சத்தம் போட்டாள்.

சோல்ஜர் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கிப்போயிற்று. ஏதோ மெதுவாகக் கேட்டான்.

"எந்தச் சண்டையில பட்டுதுன்னு கேக்கறாரு" என்றான் டிரைவர்.

"ஏத்தத்துல" என்றாள்.

டிரைவர் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு இங்கிலீஷில் என்னத்தையோ நீளமாகச் சொன்னான். ஏத்தம் என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. சோல்ஜர் காலைச் சேர்த்து வைத்து எனக்கு சல்யூட் அடித்தான். நானும் பயத்தில் திருப்பி அடித்தேன். கை தூக்கியதில் வார் ஏறி, பேன்ட்டும் முழங்கால் வரைக்கும் மேலே ஏறிற்று. லாரிக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பா எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தோட்டம் வருகிற வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். வரப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் அவள் ஒரு தடவைகூட அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஏற்றத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்தோம். நான் பூப்பறித்தேன். பெண்களுக்கு நடுவில் காக்கிப் பேன்ட் போட்டுக்கொண்டு பூப்பறித்த ஒரே ஆள் இந்தச் சுற்று வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். அவளும் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் கறுப்பு வளையம் இருந்தது. டாக்டரிடம் காட்டினோம், வெறும் தழும்புதான், தளர்த்திக் கட்டு, ஒரே இடத்தில் கட்டாதே என்றார். அதை அவள் மற்றப் பெண்களுக்கும் சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள்.

கொஞ்ச மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒட்டின இடத்தைப் பார்ப்பார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கித் தேடுவார். போகிற வழியெல்லாம் நான் வேடிக்கை பேசிக்கொண்டு போவேன். அவர் விரல் அங்கே அழுத்துகிற நேரம் மட்டும் நான் கூரையைப் பார்ப்பேன். அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள். இப்படி இரண்டு மூன்று வருஷம் ஓடிற்று. யுத்தம் முடிந்து, பஸ் மறுபடியும் பெட்ரோலில் ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "சரிப்பா. இனிமே நீ வர வேண்டாம். ஏதாவது புதுசாத் தெரிஞ்சா மட்டும் வா" என்றார்.

நான் கும்பிட்டு எழுந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"சாமி, இன்னும் ஒரு வாட்டி அமுக்கிப் பாத்துடுங்களேன்" என்றாள்.

 டாக்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் படுக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் நிதானமாக அமுக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லேம்மா" என்றார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.